பறந்த கோழியின் இறகு

கல்யாணம் சனிக்கிழமை. புதன்கிழமை காலையில் தோனிக்கின் வெள்ளைக்கோழி பறந்துவிட்டது.

பறந்தது என்றால் ஏதோ வேலியைத் தாண்டிக் குதித்தது என்று நினைத்துவிட வேண்டாம். முற்றத்திலிருந்து ஜிவ்வென்று எழும்பி, துணி காயும் கொடிக்கு மேலாகப் போய், பக்கத்துச் செவ்வந்தித் தோட்டத்துப் பசுமைக்குடிலின் பிளாஸ்டிக் கூரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்து சினகாந்தான் ஊரை மலையிலிருந்து தேவாலயம் வரை நிதானமாக ஒரு பார்வை பார்த்தது. தோனிக் தீனி போட வைத்திருந்த சோளம் மொத்தமும் அவள் காலடியிலேயே கொட்டிப்போனது.

வேறு ஊராக இருந்தால் கோழியைப் பிடிக்க ஓடுவார்கள். இந்த ஊரில் கல்யாணமே நின்றுபோகும்.

இங்கே கல்யாணப் பெண் போடுகிற நீளமான வெள்ளைச் சட்டையில், இடுப்புக்குக் கீழே வரிசை வரிசையாகக் கோழி இறகு வைத்து நெய்திருப்பார்கள். நடந்தால் இறகெல்லாம் மூச்சு விடுவது மாதிரி அசையும். கிளி இறகு இதைவிட அழகுதான். ஆனால் கிளி எங்கே போகும் என்று கிளிக்கே தெரியாது. கோழிக்கு இறக்கை உண்டு, ஆனாலும் அது எங்கேயும் போகாது. நாளெல்லாம் கிளறும், கொத்தும், சண்டை போடும், பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடும். புகுந்த வீட்டில் பெண்ணும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் அந்த இறகு.

அந்த இறகுச் சட்டையை நெய்வதில் தோனிக்கை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் நெய்த சட்டையைப் போட்டுக்கொண்டு போன பெண் யாரும் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை. ஒருத்தி மட்டும் வந்தாள், அவளும் மாமியாரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். மாமியாருக்கும் அந்த வீடு பிடிக்கவில்லையாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் தோனிக்கே ஓடிவந்தவள்.

அவளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பின்னலில் ரிப்பன், தோளில் இந்த வருஷத்து ஊதாப்பூ மேலாடை என்று எல்லோரையும் போலத்தான் இருப்பாள். (போன வருஷம் ஊரே நீலம். அடுத்த வருஷம் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும்.) கல்யாணம் ஆகி, வாசலில் கட்டிய பூ வாடுவதற்கு முன்னால், இடுப்பில் கட்டி நெய்கிற தன் தறியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கீழ்நாட்டுச் சோளக்காட்டிலிருந்து மேலே ஏறி வந்துவிட்டாள். புருஷன் கெட்டவனா? இல்லை. அடித்தானா? இல்லை. குடித்தானா? மற்றவர்கள் அளவுக்குத்தான். பின்னே ஏன் வந்தாள் என்று ஊர் கேட்டது. ஒருவரிடம் அங்கே வெயில் அதிகம் என்றாள். இன்னொருவரிடம் அங்கே கொசு அதிகம் என்றாள். மூன்றாவது ஆளிடம் இரண்டுமே அதிகம் என்றாள்.

அப்புறம் ஒருநாள் தன் கல்யாணச் சட்டையை வெயிலில் உதறிப் பிடித்துப் பார்த்தபோது, வெள்ளை இறகுகளுக்கு நடுவில் அடிப்பக்கம் சாம்பல் நிறமாக ஒரு சின்ன இறகு கண்ணில் பட்டது. புறா இறகு! நெய்தவள் கை தவறிச் சேர்த்துவிட்டாள். அன்றைக்குத் தோனிக்குக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டினாளாம். "பாருங்க, என் மேல தப்பில்ல, புறா!" என்று. தன் வாழ்க்கை போனதற்கு ஒரு இறகின் மேல் பழி போட்டு, அந்தப் பழியைப் பிடித்துக்கொண்டே ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டவள் அவள்.

அதிலிருந்து கோழி விஷயத்தில் அவளைப் போலக் கறாரான ஆள் கிடையாது. எந்தக் கோழி வந்தாலும் பரீட்சை உண்டு. மதில் மேல் தூக்கி வைப்பாள், எதிரில் சோளத்தைத் தூவுவாள். காலால் தட்டுத் தடுமாறி இறங்கினால் பாஸ். இறக்கையை விரித்தால் குழம்பு. அவள் வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட கோழிக் குழம்பெல்லாம் பரீட்சையில் தோற்றவைதான்.

இந்த வெள்ளைக்கோழி மதிலிலிருந்து இறங்கவேயில்லை. அப்படியே அங்கேயே தூங்கிவிட்டது. இப்படி ஒரு கோழியைத் தோனிக் பார்த்ததே இல்லை. அதன் மார்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறகு எடுத்து, தக்ளியில் பருத்தி நூலோடு சேர்த்து முறுக்கி, மழைக்காலம் முழுக்க நெய்து முடித்த சட்டை இப்போது உள்ளே கயிற்றில் தொங்குகிறது. கோழியோ கூரையில் உட்கார்ந்து ஊர் பார்க்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அம்மா பாஷ்கு சட்டையை வாங்கிப் போக வந்தாள்.

"தோனிக் அக்கா! சட்டை ரெடியா?"

"ரெடி, ரெடி. உள்ள வா. சீக்கிரம் உள்ள வா."

"வரேன், வரேன், என்ன இப்படி இழுக்கற? ஆமா, மேல என்ன அது?"

"எங்க?"

"கூரை மேல. வெள்ளையா."

"மேகம்."

கோழி கொக்கரித்தது.

பாஷ்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மேகம் கொக்கரிக்குமா அக்கா?"

"மழைக்கு முன்னாடி சில மேகம் அப்படித்தான்."

"அது உன் கோழி. சட்டைக்கு இறகு எடுத்த கோழி."

"ஊர்ல வெள்ளைக்கோழிக்கா பஞ்சம்?"

"வெள்ளைக்கோழிக்குப் பஞ்சமில்ல. மார்ல மொட்டை அடிச்ச வெள்ளைக்கோழி எத்தனை இருக்கு?"

கோழி அதைக் கேட்டது மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது. ரோஜா நிறத்தில் மொட்டை பளிச்சென்று தெரிந்தது.

பாஷ்கு நல்லவள்தான். ஆனால் பயந்தவள். ஊரிலேயே மார்க்கெட்டுக்கு அதிகம் பூ அனுப்புகிற குடும்பம், புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீடு, தரையெல்லாம் பூப்போட்ட டைல்ஸ். இருந்தும் மூத்த மருமகள் போன வருஷம் போனவள் போனவள்தான். கூட்டிவரப் போன மூத்த மகன் இப்போது மாமியார் வீட்டிலேயே தக்காளி நடுகிறான். அவள் போட்டது வேறு யாரோ நெய்த சட்டை. அதனால்தான் இளையவன் மான்வெலின் கல்யாணத்துக்கு நேராகத் தோனிக்கிடம் வந்தாள்.

"எனக்கு இந்தச் சட்டை வேணாம்" என்றாள். "ஏற்கெனவே ஒரு வீடு காலி. இன்னொருத்தியையும் பறக்க விடச் சொல்றியா?"

"பாஷ்கு, நான் சொல்றதைக் கேளு..."

"மன்றத்துல வந்து சொல்லு."

அவள் போய்விட்டாள். அவள் தெருமுனையில் திரும்பியதும் கோழி கூரையிலிருந்து தானாகவே இறங்கி, நேராக வந்து, சிந்திக் கிடந்த சோளத்தைக் கொத்த ஆரம்பித்தது. யாரும் கூப்பிடவில்லை. தோனிக் மட்டும்தான் அதைப் பார்த்தாள்.

இந்தச் சட்டை திரும்பி வந்தால் அடுத்த சட்டைக்கு யாரும் அவள் வாசலை மிதிக்க மாட்டார்கள். அது ஒன்று. இதுவரை நெய்து கொடுத்ததையெல்லாம் எடுத்து வெயிலில் உதறிப் பார்ப்பார்கள். எத்தனை பேர் வீட்டில் சந்தேகம் புகுந்துவிடும்! ஒவ்வொரு மாமியாரும் மருமகளை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை கோழியைக் கூடையில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். கறுப்புக் கம்பளி அங்கியும் ரிப்பன் தொங்கும் தொப்பியுமாக ஊர்த்தலைவர் ரோமின் நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பன்றி வழக்கு முடிந்திருந்தது. பன்றி வழக்குக்கு வந்த கூட்டம் கோழி வழக்கு என்றதும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்துகொண்டது.

கூட்டத்தில் கிழவர் தெலெஷும் இருந்தார். கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கட்டி அணைத்து, அம்மா வீட்டை மறந்து புது வீட்டில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி வாழ்த்துவது அவர் வேலை. மூத்த மருமகள் கல்யாணத்திலும் அணைத்தது அவர்தான். அதனால் அவருக்கும் உள்ளூர உதறல்.

பாஷ்கு நடந்ததைச் சொன்னாள். ரோமின் தாடையைத் தடவினார்.

"கோழி பறந்துச்சா, குதிச்சுதா?"

"பறந்துச்சு அண்ணே."

"பறக்கறதுக்கும் குதிக்கறதுக்கும் வித்தியாசம் என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க. அப்பறம் தீர்ப்பு."

இந்த ஒரு கேள்வியில் காலை முழுக்கப் போய்விட்டது. வேலி உயரம் என்றால் குதி, வீட்டு உயரம் என்றால் பறத்தல் என்றார் ஒருவர். யார் வீட்டு உயரம் என்று கேட்டார் இன்னொருவர். நடுவில் இறக்கையை அடித்தால் பறத்தல், ஆரம்பத்தில் மட்டும் அடித்தால் குதி என்றார் மூன்றாமவர். பன்றி வழக்கில் தோற்றவர் எழுந்து, "என் பன்றிகூடத்தான் வேலி தாண்டுச்சு, அதையும் பறந்துச்சுன்னு வச்சுக்கிட்டா எனக்குத் தண்டனை உண்டா?" என்று கேட்டார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

கடைசியில் கோழியையே கேட்டுவிடுவது என்று முடிவானது. கூடையைத் திறந்து மன்றத்து முற்றத்தில் விட்டார்கள். அது பெஞ்சுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. சோளத்தைக் காட்டினார்கள், கண்ணை மூடிக்கொண்டது. திருவிழாவுக்கு வைத்திருந்த ராக்கெட் வெடியைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள். மேலே போகவேண்டிய வெடி சாய்ந்து பெஞ்சோரமாகச் சீறிப் பாய, பெரிய மனிதர்கள் அங்கியைத் தலையில் போர்த்திக்கொண்டு விழுந்தடித்து ஓடினார்கள். ரோமினின் தொப்பி கழன்று மல்லாந்து விழுந்தது. கோழி மட்டும் அசையவில்லை.

"மாடிலேர்ந்து போட்டுப் பாத்துரலாம்" என்றது கூட்டம்.

தெலெஷ் கைத்தடியைத் தரையில் தட்டினார். "ஏண்டா, என்னை மாடிலேர்ந்து தூக்கிப் போட்டா நானுந்தான் கையை அடிப்பேன். உடனே தெலெஷ் பறந்துட்டான்னு சொல்லுவீங்களா?"

"நீங்க விழற வேகத்துக்குக் கை அடிக்க நேரம் இருக்காது தாத்தா."

இந்தச் சிரிப்புக்கு நடுவில் கோழி எழுந்து வந்தது. மல்லாந்து கிடந்த தலைவரின் தொப்பியைச் சுற்றிப் பார்த்தது. உள்ளே ஏறி, ரிப்பன்களைக் காலால் ஒதுக்கி, உட்கார்ந்து முட்டையிட்டது.

கூட்டம் எட்டி எட்டித் தொப்பிக்குள் பார்த்தது.

"இதை யார் பக்கம் எடுத்துக்கறது?" என்றார் ரோமின். தொப்பியில்லாத தலையோடு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கூடு கட்டி முட்டை போட்டுருச்சுல்ல, அப்ப அது குடும்பக் கோழிதானே" என்றார் தெலெஷ் அவசரமாக.

பாஷ்கு விடவில்லை. "புறாவும் முட்டை போடுது, கழுகும் முட்டை போடுது. எதாவது எங்கயாவது உக்காந்துருக்கா? அது போற எடத்துல முட்டை போடுது, எங்க மூத்த மருமக போன எடத்துல தக்காளி போடற மாதிரி. அண்ணே, சுத்தி வளைக்காதீங்க. பக்கத்துல நின்னது அக்காதான். அவளைக் கேளுங்க. பறந்துச்சா இல்லையா?"

எல்லோரும் தோனிக்கைப் பார்த்தார்கள்.

ஒரு சொல் போதும். குதித்தது என்று சொன்னால் முடிந்தது. கோழியைக் கூரை மேல் பார்த்த சாட்சி பாஷ்கு ஒருத்திதான், அவளோ பயந்தவள் என்று ஊருக்கே தெரியும். கோழியோ காலையிலிருந்து பொம்மை மாதிரி இருக்கிறது. தோனிக் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமாக இறக்கையை விரித்த ஒரே குற்றத்துக்காக அவள் குழம்பில் போட்ட கோழிகள் எல்லாம் ஒருசேர ஞாபகத்துக்கு வந்தன.

"பறந்துச்சு" என்றாள்.

தெலெஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாவே பறந்துச்சு. அவ்வளவு அழகாப் பறந்த கோழியை நான் பாத்ததேயில்ல. போய் உக்காந்துச்சு, ஊரைப் பாத்துச்சு, நீ போனப்பறம் தானா எறங்கி வந்துச்சு பாஷ்கு. யாரும் கூப்பிடல. அதுக்கு வீடு பிடிச்சிருக்கு, வந்துச்சு."

"அப்படியா?" பாஷ்குவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அப்ப நீ ஏன் அக்கா எறங்கிப் போகல? உன்னையும் யாரும் கட்டிப் போடல, உன்னையும் யாரும் அடிக்கல. ஊருக்கெல்லாம் இருக்கறதுக்குச் சட்டை நெய்யற. நீ ஏன் இருக்கல?"

அந்தப் புறா இறகைக் காட்டியதிலிருந்து முப்பது வருஷமாக ஊர் இதை முதுகுக்குப் பின்னால்தான் கேட்டது. அதற்கப்புறம் முகத்துக்கு நேராகக் கேட்டது இதுதான் முதல் முறை. வெயில் என்று சொல்ல முடியாது, கொசு என்றும் சொல்ல முடியாது. புறா என்று சொல்லலாம். அவள் கை தானாகவே மேலாடையின் நுனியை முறுக்கியது.

"அங்க தூண் இல்ல" என்றாள்.

"என்னது?"

"தறி கட்டத் தூண் இல்ல. ஒரு முனையைத் தூண்ல கட்டி, இன்னொரு முனையை என் இடுப்புல கட்டினாத்தானே நெய்ய முடியும்? வீட்ல ஒரே ஒரு தூண். அதுல கோவேறு கழுதையைக் கட்டியிருந்தாங்க. சுத்தி ஒரு மரம் கிடையாது, எல்லாத்தையும் வெட்டிச் சோளம் போட்டாச்சு. அவிழ்த்துக் குடுங்கன்னேன். கழுதை பழகின எடம்மா அதுன்னாங்க. நானும் கழுதை தூங்கறப்ப அது கால்லயே கட்டி நெய்ஞ்சு பாத்தேன். அது திரும்பிப் படுக்கறப்பல்லாம் நானும் இழுபட்டுப் போனேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இதைப் போய் வெளில சொல்ல முடியுமா? ஒரு கழுதைகிட்டத் தோத்து வந்தேன்னு?"

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்த பெண்கள் எல்லோரும் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கல்யாணப் பெண் லோஷா பேசினாள். கல்யாணத்துக்கு முன் பெண் பேசுகிற வழக்கமில்லை. அதனால் அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே பேசினாள். "அத்தை, உங்க வீட்ல தறியை எங்க கட்டறது?"

"எங்க வீட்லயா?" பாஷ்கு நிமிர்ந்தாள். "எங்க வீடு காங்கிரீட்டும்மா. தூணே கிடையாது! ஒரு கோடியிலேர்ந்து பாத்தா மறு கோடி தெரியும். எல்லாம் டைல்ஸ்."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே என்னவோ போல் ஆனது.

"மூத்தவ எதுல கட்டினா?" என்று தெலெஷ் மெதுவாகக் கேட்டார்.

"ஃபிரிட்ஜ் கால்ல."

"சரி."

"அவ ஊடையைத் தட்டத் தட்ட அது நகரும். டைல்ஸ் வழுக்கும்ல. சமையக்கட்டுல வச்ச ஃபிரிட்ஜ் ஒருநாள் வாசல்கிட்ட நிக்குது! வந்தவங்கள்லாம் ஃபிரிட்ஜைச் சுத்திக்கிட்டு உள்ள வராங்க. நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். தப்பா? நீங்களே சொல்லுங்க, தப்பா?"

"ஃபிரிட்ஜ் இப்ப எங்க?"

"வாசல்லதான்" என்றாள் பாஷ்கு. "அவ போன அன்னைக்கு எங்க இருந்துச்சோ அங்கயே."

தோனிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரியைப் பார்க்க வந்த இடத்தில் இன்னொரு கழுதைக் கதையைக் கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

ரோமின் எழுந்தார். தொப்பியில் முட்டையும் முட்டை மேல் கோழியும் இருந்ததால் வெறுந்தலையோடே, ரிப்பன் கட்டிய கோலை எடுத்துக்கொண்டு நடந்தார். மன்றம் மொத்தமும் பாஷ்கு வீட்டுக்குத் தூண் தேடக் கிளம்பியது.

தேடினார்கள், தேடினார்கள், வீடு முழுக்கத் தேடினார்கள். வாசல் கேட்டில் கட்டலாம் என்றார் ஒருவர். கட்டினால் கேட்டை யாரும் திறக்க முடியாது. பசுமைக்குடிலின் கம்பத்தில் கட்டலாம் என்றார் இன்னொருவர். ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள், கூரை முழுக்க அலையடித்தது. பூ ஏற்றிப் போகும் வண்டியின் பின்பக்கத்தில் கட்டலாமே என்றபோது மாப்பிள்ளை மான்வெல் முதன்முதலாக வாயைத் திறந்தான்.

"தலைவரே, நான் விடியக்காலம் பூ ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போகணும். வண்டி பின்னாடியே அவளும் மார்க்கெட் வரைக்கும் நெய்ஞ்சுக்கிட்டே வரணுமா?"

"வந்தா என்ன, அங்கயே வித்துட்டு வந்துருவேன்" என்றது அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மான்வெல் சிவந்துபோனான்.

நடுக்கூடத்தில் நின்று ரோமின் தீர்ப்புச் சொன்னார். கோழி பறந்தது உண்மை. இறங்கி வந்ததும் உண்மை. சட்டை செல்லும். கூடத்தில் ஒரு தூண் நட வேண்டும்.

"கூடத்துலயா?" பாஷ்கு தரையைப் பார்த்தாள். டைல்ஸில் நீலப்பூவும் மஞ்சள்பூவும் மாறி மாறி மினுங்கின. தினமும் காலையில் அவள் முழங்காலிட்டுத் துடைக்கிற தரை. "வெளில நடக்கூடாதா அண்ணே?"

"மழை பெய்ஞ்சா?"

"இதெல்லாம் ஒடைக்கணுமே!"

"ஒரு டைல்ஸா, ஒரு மருமகளா? நீயே சொல்லும்மா."

பாஷ்கு நீண்ட நேரம் யோசித்தாள். அவள் அவ்வளவு நேரம் யோசித்ததை லோஷாவின் அம்மா கடைசிவரை மறக்கவில்லை. பிறகு மேலாடையைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நான் பாக்க மாட்டேன். ஒடைங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மலையிலிருந்து நல்ல கருவாலி மரம் ஒன்று வந்தது. மான்வெலும் அவன் சிநேகிதர்களும் கடப்பாரையால் தரையை உடைத்துக் குழி தோண்டினார்கள். தெலெஷ் குழியில் கொஞ்சம் போஷ் சாராயத்தை ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தன் தொண்டையில் ஊற்றிக்கொண்டார். மெழுகுவத்தி ஏற்றினார். தூண் நின்றதும் பழக்கதோஷத்தில் அதையும் கட்டி அணைத்து, காட்டை மறந்து இந்த வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஏதோ குறைவது மாதிரி இருக்கவே, வாசலில் நின்ற ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு வந்தார்.

அதே நேரம் தோனிக் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பழைய கல்யாணச் சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். அந்தச் சாம்பல் இறகு அங்கேயேதான் இருந்தது. விரலால் நீவிப் பார்த்தாள். மெத்தென்று, யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்காத மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் தினம் தினம் அதைத் திட்டியிருக்கிறாள். அந்தப் புறாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது. எந்தப் புறா என்று யாரைக் கேட்பது? கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கண்ணில் பட்ட புறாக்களுக்கெல்லாம் ஒரு படி சோளத்தை வீசினாள்.

சனிக்கிழமை. வயலினும் ஹார்ப்பும் கிதாரும் முன்னால் போக, தேவாலயத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியது. ஐயோ, லோஷாவைப் பார்க்க வேண்டுமே! கனமான பாவாடை, மேலே பாதத்தைத் தொடுகிற வெள்ளைச் சட்டை, அதற்கும் மேல் போர்த்திய துணி. உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் முகத்தில் காட்டவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இறகு வரிசை மூச்சிழுத்து மூச்சு விட்டது. வேடிக்கை பார்த்த பெண்கள் இது பறந்த கோழியின் இறகு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதில் பயம் இல்லை. "எங்க வீட்டுப் பொண்ணுக்கும் அதே கோழிதான் வேணும்னு சொல்லி வைக்கணும்" என்று ஒருத்தி சொன்னது பின்னால் நடந்துவந்த தோனிக்கின் காதில் விழுந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாஷ்கு வீட்டு வாசலில் ஊர்வலம் நின்றது. சாம்பிராணி புகைந்தது. மாமியார் வெளியே வந்து மருமகளை அழைத்துப் போக வேண்டும்.

மாமியாரைக் காணோம்.

வாத்தியக்காரர்கள் பாட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். முடிந்தது. மறுபடி ஆரம்பித்தார்கள். லோஷாவின் அம்மாவுக்கு முகம் கறுத்தது. "இன்னும் யோசிக்கிறாளோ?" என்றாள்.

தெலெஷ் ஃபிரிட்ஜைச் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் தோளுக்கு மேலாக ரோமின் பார்த்தார், அவருக்குப் பின்னால் தோனிக் பார்த்தாள், பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

புதுத் தூணில் ஒரு தறி கட்டியிருந்தது. மறுமுனை பாஷ்குவின் இடுப்பில். சம்பந்தி வீட்டுக்காக உடுத்திய புத்தாடையோடு தரையில் முழங்காலிட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அவள் நெய்துகொண்டிருந்தாள். பெட்டிக்கு அடியில் இத்தனை வருஷம் கிடந்த தறி. புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் நெய்யவில்லை. வசதி வந்ததும் கை சும்மா இருக்கிறது என்று ஊர் நினைத்திருந்தது.

"பாஷ்கு! பொண்ணு வாசல்ல நிக்குது!" என்றார் ரோமின்.

"தெரியும் அண்ணே, தெரியும். கட்டு நல்லா இருக்கான்னு சும்மா பாக்கலாம்னுதான் உக்காந்தேன். இருங்க, நடுவுல எந்திரிச்சா பாவு கொலைஞ்சுரும். இந்த ஒரு வரி."

லோஷா இறகெல்லாம் அசைய உள்ளே வந்து நின்றாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. "அத்தை, அது என் தூண்."

"ஆமாண்டி கண்ணு, உன் தூண்தான். யாரு இல்லன்னது? ஒரு வரி."

"என் சட்டை கனக்குது."

"கனக்கத்தான் செய்யும். நானும் போட்டவதான். உக்காரு, அந்தப் பக்கம் சிவப்பு நூல் இருக்கும் பாரு, அதை எடு."

லோஷா நூலை எடுத்துக் கொடுத்தாள். பாஷ்கு அந்த வரியை முடித்தாள். அடுத்த வரியை ஆரம்பித்தாள். வாசலில் வாத்தியக்காரர்கள் நான்காவது தடவையாக அதே பாட்டுக்குப் போனார்கள். ரோமின் மான்வெலைப் பார்த்து, தூணைக் காட்டி, இரண்டு விரலை நீட்டினார். மான்வெல் ஒரு பெருமூச்சு விட்டு, தொப்பியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, கல்யாண உடுப்போடு போய் மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்து வந்தான்.

தோனிக் பாஷ்குவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். துணியை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"பாவு தளர்ந்திருக்கு. பின்னாடி நல்லா சாஞ்சு உக்காரு."

"விழுந்துர மாட்டேனே?"

"சாயி. தூண் பிடிச்சுக்கும்."

பாஷ்கு கண்ணை இறுக மூடிக்கொண்டு முழு எடையையும் பின்னால் சாய்த்தாள். தூண் அசையவில்லை. பாவு நரம்பு மாதிரி விறைத்து நின்றது. அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள். கூடத்தின் அந்தக் கோடியில் இரண்டாவது டைல்ஸ் உடைகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.